‘ரோஸ் ஷார்ப்லி’யா, ‘எ ஷார்ப் ரைஸ்’ஸா? கோட்டு வரைபடத்துக்கு ஏற்ற ஆங்கிலம்

மலேசியப் பல்கலைக்கழக நுழைவுக்கான ஆங்கிலத் தேர்வான மூயெட்டின் எழுத்துத் தாளில் 2021 முதல் வரைபட அறிக்கைக்குப் பதிலாகக் கடிதமோ மின்னஞ்சலோ கேட்கப்படுவதால், கோட்டு வரைபடத்தை ஆங்கிலத்தில் விவரிக்கும் பயிற்சி இன்று பெரும்பாலும் ஐயெல்ட்ஸ் அகடமிக் தேர்வு எழுதுவோருக்கே தேவைப்படுகிறது. ஐயெல்ட்ஸ் எழுத்துத் தாளின் முதல் வினாவுக்கு 20 நிமிடத்தில் குறைந்தது 150 சொற்கள் எழுத வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் டியூஷனுக்கு வரும் நம் பிள்ளைகள் பலர் இதற்காக நீண்ட சொற்பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் பட்டியலைவிட, ஒரே மாற்றத்தைச் சொல்ல உள்ள இரண்டு வாக்கிய அமைப்புகளில் எதை எங்கே பயன்படுத்துவது என்ற தெளிவே பெரிதும் உதவும்.

முதலாவது, வினைச்சொல்லும் வினையடையும் சேர்ந்த ‘ரோஸ் ஷார்ப்லி’. இரண்டாவது, பெயரடையும் பெயர்ச்சொல்லும் சேர்ந்த ‘தேர் வாஸ் எ ஷார்ப் ரைஸ் இன்’. முன்னதில் காலத்தைச் சரியாக எழுதினால் போதும். மலாய் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. தமிழ் வினை மாறும் என்பதால், வீட்டில் தமிழ் பேசும் மாணவருக்கு இது பழகிய வழி. பின்னதற்கோ ‘எ’, ‘தி’, ‘இன்’ ஆகிய சிறுசொற்கள் அத்தனையும் தேவைப்படும். ‘எ’, ‘தி’ இரண்டுக்கும் நிகரான கட்டாயச் சொற்கள் தமிழில் இல்லாததால் அங்கேதான் பிழைகள் குவிகின்றன. ஆகவே அறிக்கையின் அடித்தளம் வினையமைப்பாகவே இருக்க வேண்டும் என்பேன். ஆனால் முந்தைய வாக்கியத்தின் செய்தியை ‘திஸ் ரைஸ்’ என்று சுருக்கி எடுத்து அடுத்ததைத் தொடங்கும் வசதி பெயரமைப்புக்கே உண்டு. வாக்கியங்களைக் கோத்து எழுதும் திறனுக்கும் மதிப்பெண் இருப்பதால் அதை முற்றிலும் ஒதுக்கிவிடக் கூடாது.

ஒரு டாலருக்கு எத்தனை ரிங்கிட் என்று காட்டும் கோட்டை எடுத்துக்கொள்வோம். 1997 நடுப்பகுதியில் ஏறத்தாழ 2.50 ஆக இருந்த கோடு 1998 ஜனவரியில் 4.88 வரை எட்டியது. பின்னர் ஏறி இறங்கி, 1998 செப்டம்பரில் 3.80 என்று நிலைநிறுத்தப்பட்டு, 2005 ஜூலை வரை அங்கேயே நின்றது. ரிங்கிட் சரிந்த காலத்தில் கோடு மேலே போகிறது என்பதை மறந்து ‘தி ரேட் பிளம்மட்டட்’ (விகிதம் சடாரெனச் சரிந்தது) என்று எழுதினால் பொருளே தலைகீழாகிவிடும். ரிங்கிட்டை எழுவாயாக்கினால் ‘ஃபெல்’, டாலரின் விலையை எழுவாயாக்கினால் ‘ரோஸ்’. எழுவாயை முடிவு செய்த பிறகே வினையைத் தேட வேண்டும். அளவைச் சொல்லும்போது ‘டு 4.88’ சென்றடைந்த இடத்தையும், ‘பை 2.38’ இடைப்பட்ட வேறுபாட்டையும் குறிக்கும்.

‘சோர்ட்’ (விர்ரென உயர்ந்தது) போன்ற வேகமான சொற்களுக்கு இந்த ஏற்றம் தகும். அதையே ஆண்டுக்குச் சிறிதளவு கூடும் மக்கள்தொகைக் கோட்டுக்கு எழுதினால் சொல்வளம் தெரியாது, தவறான வாசிப்புதான் தெரியும்; அங்கே ‘இன்கிரீஸ்ட் ஸ்டெடிலி’ என்பதே சரியான சொல்லாட்சி.

சமதளப் பகுதிக்கும் இரண்டு சொற்கள் போட்டியிடுகின்றன. ‘லெவல்ட் ஆஃப்’ என்பது கோட்டின் ஏற்றமோ இறக்கமோ மெல்லத் தணிந்து சமநிலைக்கு வரும் கட்டத்தைக் குறிக்கும். ‘ரிமைன்ட் அட்’ சமநிலை நீடித்த காலத்தைக் குறிக்கும். கிட்டத்தட்ட ஏழாண்டு அசையாத 3.80க்கு இரண்டாவதையே எழுத வேண்டும்.