ஆறு வருடம் ஈக்களைப் பார்த்த மைக்ரோஸ்கோப்: வாங்கலாமா?

போன வாரம்தான் என் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பின் வளைய விளக்கு மூன்றாவது முறையாக ரிப்பேர் ஆகித் திரும்பி வந்தது. அன்றைக்கே விலங்கியல் படிக்கும் தம்பி ஒருவர், "அண்ணா, நீங்க வச்சிருக்கிற மாடல் விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டார்.

லென்ஸில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வீட்டு ஈயின் முகத்தை முதன்முதலில் இதில் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உணர்கொம்புகளுக்கு மேலே, 'ப' எழுத்தைக் கவிழ்த்தது போல ஒரு தழும்பு. கூட்டுப்புழு உறையை உடைக்க ஈ தன் நெற்றியிலிருந்து ஒரு பையை ஊதித் தள்ளும். வெளியே வந்த பின் பை உள்ளே போய்விடும், தழும்பு மட்டும் கடைசிவரை இருக்கும். பழங்களில் மொய்க்கும் டிரோசோபிலாவுக்கும் இது உண்டு, கொசுவுக்குக் கிடையாது. பின்னிறக்கை சுருங்கிச் சமநிலை உறுப்பானது கொசு, ஈ எல்லாவற்றுக்கும் பொது என்பதால், அவற்றுக்குள் யாருக்கு யார் நெருக்கம் என்று சொல்ல அது உதவாது; சிலவற்றுக்கு மட்டும் உள்ள இந்தத் தழும்பு உதவும். பிற்காலத்தில் தோன்றிய புதுமையைப் பகிர்ந்துகொள்பவையே நெருங்கிய சொந்தம் என்று ஜெர்மனியின் ஈ ஆய்வாளர் வில்லி ஹென்னிக் 1950இல் எழுதிய முறை, அந்தத் தழும்பைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

சரி, விளக்குக்கு வருகிறேன். மீன் மார்க்கெட்டில் பிடித்த பச்சை ஈக்களை லூசிலியா, கிரைசோமியா என்று இரண்டு வகையாகப் பிரிக்க வேண்டும். இறக்கை தொடங்கும் இடத்தில் உள்ள தடித்த நரம்பின் மேல்புறம் வரிசையாக மயிர் இருந்தால் கிரைசோமியா; வழவழவென்று இருந்தால் லூசிலியா. வளைய விளக்கு மேலிருந்து நேராக அடிப்பதால் உலோகம் போல மினுங்கும் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். அந்த வெளிச்சத்தில் மயிர் சுத்தமாக மறைந்துவிடுகிறது.

விளக்கு ரிப்பேருக்குப் போயிருந்த பத்து நாளும் ஜன்னல் ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். காலை வெயில் பக்கவாட்டில் விழுந்தது. லூசிலியா என்று நான் லேபிள் ஒட்டிய பெட்டியில் பதினோரு ஈக்களின் நரம்பில் மயிர் வரிசை தெளிவாக நின்றது. எவ்வளவு வருட வேலை! ஈக்களை ஆராயும் கருவி என்று சொல்லி விற்பவர்கள், ஈயின் மீது வெளிச்சம் எப்படி விழும் என்று ஒரு தடவை பார்த்திருக்க வேண்டாமா? சர்வீஸில் கேட்டால் "எல்லா மாடலும் இப்படித்தான் சார்" என்றார்கள்.

இப்போது பட்டர் பேப்பரை உருளையாகச் சுருட்டி ஈயைச் சுற்றி நிறுத்துகிறேன். வெள்ளைப் புள்ளிகள் பாதிக்கு மேல் போய்விட்டன. ஃபோகஸ் தானாகக் கீழே இறங்கும் தொல்லையும் இருந்தது. இரண்டு பக்கக் குமிழ்களையும் எதிரெதிராகத் திருகி இறுக்கியதும் சரியாகிவிட்டது.

போன மாதம் கேட்டிருந்தால் லென்ஸுக்காகவே வாங்கு என்றிருப்பேன். பதினோரு லேபிளையும் கிழித்துத் திருத்தி எழுதிய வாரத்தில் கேட்டதால், வேண்டாம்பா என்றேன். அப்படியும் வாங்குவதானால், விளக்கில்லாமல் தருவார்களா என்று கேட்டுப் பார். கழுத்தை வளைக்கக்கூடிய விளக்கு இரண்டு தனியாக வாங்கிப் பக்கவாட்டில் வை.