எட்சிங்கா, லினோகட்டா: டர்பனிலிருந்து எதை ஊருக்குக் கொண்டுபோவது?

இன்னும் ஏழு வாரத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பனை விட்டுக் கிளம்புகிறேன். இரண்டு வருஷம் பிரிண்ட்மேக்கிங், அதாவது அச்சுப் படக் கலை, படித்தாயிற்று. கும்பகோணம் போய்ச் சேர்ந்தபிறகு, உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் எட்சிங்கைத் தொடர்வதா, லினோலியப் பலகையைக் கத்தியால் வெட்டி அச்சிடும் லினோகட்டைத் தொடர்வதா என்பதுதான் இப்போது மனசைப் பிடித்து ஆட்டுகிற கேள்வி. இங்கே இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய முடிந்தது, ஊரில் அதற்கு வசதியும் நேரமும் இருக்காது.

சும்மா யோசித்து முடிவுக்கு வராது என்று ஒரே படத்தை இரண்டு முறையிலும் செய்து பார்த்தேன். கேட்டோ மேனரில் இருக்கிற அம்பலவாணர் ஆலயத்தில் பெரிய வெள்ளியன்று நடக்கும் தீமிதி. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களில் தொடங்கி, கரும்புத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள் விட்டுவிடாமல் வைத்திருக்கிற வழிபாடு அது. போன வருஷம் குழிக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன், கண்ணெரிச்சல் அடங்க ராத்திரி ஆகிவிட்டது.

முதலில் எட்சிங். நான் இவ்வளவு தூரம் வந்ததே இதற்காகத்தான். துத்தநாகத் தகட்டில் மெழுகுப் பூச்சு கொடுத்து, ஊசியால் வரைந்து, அமிலத்தில் இறக்கினால் கீறின இடத்தை மட்டும் அமிலம் தின்னும். எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு ஆழம், ஆழம் கூடக் கூட மை அதிகமாக நிற்கும், கோடு கருக்கும். அக்வாடின்ட் செய்தால் கோடே இல்லாமல் சாம்பல் நிறம் வரும். பிசின் தூளைத் தூவி, தகட்டுக்கு அடியில் சூடு காட்டி ஒட்டவைத்து, படிப்படியாக அரிக்கவிடுகிற வேலை. தீமிதியில் எழும்புகிற புகை எனக்கு அதில்தான் கிடைத்தது. குழிக்கு அந்தப்பக்கம் நிற்கிற கூட்டம் புகைக்குள் பாதி தெரிந்தும் தெரியாமலும் நிற்கும், அந்தப் பாதியை லினோவில் எந்தக் கத்தியாலும் கொண்டுவர முடியாது. ஆனால் ஒருமுறை அமிலத்தில் நேரம் தப்பிப்போய் ஆறு நாள் வரைந்த முகங்கள் மொத்தமும் கருத்துவிட்டன.

லினோவுக்கு அந்த மென்மை கிடையாது. ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து, பின்னால் சணல் துணி ஒட்டிய பழைய தரைவிரிப்புச் சரக்குதானே அது. கொஞ்ச நேரம் வெயிலில் போட்டால் சோப்பு மாதிரி வெட்டுப்படும். வெட்டின இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு, நடுவில் ஒன்றும் இல்லை. தீமிதிக்கு அதுவே பொருந்திவிட்டது. தணல் வெள்ளையாக எரிகிறது, அதன்மேல் ஒரு பாதம் முழுக்கறுப்பாக இறங்குகிறது. புகையை விட்டுவிட்டேன். அதனால் படத்தில் அந்தப் பாதம் மட்டும் நிற்கிறது.

தமிழ் எழுத்து வைத்தால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். இரண்டிலும் கண்ணாடி பிம்பமாகத்தான் எழுத வேண்டும். எட்சிங்கில் ஊசி பேனா மாதிரி ஓடும், 'க்தி' என்று சுழித்துவிட்டுப் போகலாம். லினோவில் 'தி'யின் கொக்கிக்குக் கத்தியை அசைக்காமல் பலகையைத்தான் திருப்பவேண்டும், ஒரு எழுத்துக்குக் கால் மணி நேரம் ஆகிறது. நான் தங்கியிருக்கிற சாட்ஸ்வர்த் வீட்டு ஆயாவிடம் இரண்டு பிரதியையும் காட்டினேன். சின்ன வயதில் தமிழ்ப் பள்ளியில் படித்த எழுத்துகள் கொஞ்சம்தான் அவருக்கு நினைவிருக்கின்றன. எட்சிங்கை ரசித்துப் பார்த்தார், எழுத்துப் பக்கம் போகவில்லை. லினோவில் விரலை வைத்து, "ச... க்... தி. சக்திதானே கண்ணு?" என்றார்.

அப்புறம் செலவும் இடமும். எட்சிங்குக்குக் கனமான பிரஸ் வேண்டும், அமிலம் வேண்டும், புகை வெளியே போக வழி வேண்டும். குழந்தைகள் ஓடுகிற வாடகை வீட்டில் அமிலத் தொட்டியை வைக்க எனக்கு மனசு வராது. லினோவுக்கு ஒரு ரோலர், நாலு கத்தி, அழுத்தித் தேய்க்க ஒரு மரக்கரண்டி போதும். இந்த நாட்டில் லினோ வேர்பிடித்ததற்கும் இந்தச் சிக்கனம் ஒரு காரணம். நிறவெறிக் காலத்தில் கறுப்பின இளைஞர்களுக்கு நுண்கலை படிக்க வாசல்கள் அநேகமாக மூடியிருந்தன. டண்டீக்குப் பக்கத்து ரோர்க்ஸ் டிரிஃப்ட் கலை மையம்தான் அவர்களுக்குக் கிடைத்த சில வாய்ப்புகளில் ஒன்று. அங்கிருந்து வந்த அஸாரியா ம்பாத்தா, ஜான் முவாஃபங்கேஜோ இருவருடைய லினோகட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கிறது. முவாஃபங்கேஜோ படத்துக்குள்ளேயே வாக்கியங்களையும் செதுக்கினார். எழுத்தைப் படத்தில் கொண்டுவரும் துணிச்சல் எனக்கு அவரிடமிருந்து வந்ததுதான்.

ஆக, ஊருக்கு லினோ. எட்சிங்கை விடுவது வலிக்கிறது, அந்தப் புகையை இனி எப்போது செய்வேனோ தெரியாது. சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் கிராஃபிக் ஸ்டுடியோ இருக்கிறது, வருஷத்துக்கு ஒருமுறையாவது அங்கே இடம் கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்காகத் தீமிதித் தகட்டை மட்டும் பழைய புடவைத் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். லினோ பிரதி ஒன்றை ஆயா கேட்டு வாங்கிச் சாமி விளக்குக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.