எடுக்காமல் போன இரத்தம்

இந்த ஆடியில் இரண்டு வார விடுப்பில் கும்பகோணம் போய் வந்தேன். விமானம், ரயில், வங்கி, வீட்டு வரி எல்லாம் ஒழுங்காக நடந்தன; அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு காலை ஆறே முக்காலுக்கு எங்கள் வீட்டுக்கு இரத்தம் எடுக்க வந்த பெண், எடுக்காமலே திரும்பிப் போனாரே, அதைத்தான் எழுத வேண்டும்.

இரண்டு ஆண்டுகளாக எனக்கு ஓயாத அசதி. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கும். லண்டனில், ஈஸ்ட் ஹாம் ரயில் நிலையத்துப் படிகளில் பாதி ஏறியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன். காலை எட்டு மணிக்குத் தொலைபேசி வரிசையில் காத்திருந்து, மூன்று வாரம் கழித்துக் கிடைத்த பத்து நிமிடத்தில் மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ஹீமோகுளோபின் 121 என்று வந்தது. நம் ஊர்க் கணக்கில் 12.1. 'இயல்பு, மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று செயலியில் ஒரு வரி போட்டு முடித்துவிட்டார்கள். அடுத்த முறை போனபோது மனச்சோர்வு இருக்கிறதா என்று அறியும் கேள்வித்தாள் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். அசதியோடு முடியும் கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கியிருந்ததால், அங்கே கடைகளில் எல்லாரும் வாங்கும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையை நானாகவே வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தேன்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள், அண்ணன் வற்புறுத்தியதால் ஒரு தனியார் மருத்துவமனையில் 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' செய்துகொண்டேன். வெறும் வயிற்றோடு காலை ஏழு மணிக்குப் போனவளுக்கு மதியத்துக்குள் இரத்தம், இசிஜி, எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் அனைத்தும் முடிந்து, மாலையே பன்னிரண்டு பக்க அறிக்கை வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. இங்கிலாந்தில் இத்தனையும் நடக்க எனக்கு எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்து, நம் ஊரை நினைத்துப் பெருமைப்பட்டேன். மறுநாள் மருத்துவர் அந்த அறிக்கையில் ஒரே ஓர் எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டார்: டிஎஸ்எச் 0.02. தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன் அது; தைராய்டு மிதமிஞ்சிச் சுரந்தால் இது இறங்கிவிடும். தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து நிபுணர் வருவார், அதற்குள் இன்னொரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்றார். மூன்று நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது. அது பயத்தால் வந்த அழுகை அல்ல. இரண்டு ஆண்டுகளாகச் சோம்பல், மனக்கவலை, வயது என்று ஆளுக்கொன்று சொன்ன என் அசதிக்குக் கடைசியில் ஒரு பெயர் கிடைத்துவிட்டதே என்ற ஆறுதலால் வந்தது.

மறுபரிசோதனைக்காக அண்ணன் எங்கள் தெருமுனையில் உள்ள சிறிய பரிசோதனைக் கூடத்தில் சொல்லிவைத்தார். மறுநாள் விடிந்ததும் ஸ்கூட்டியில் ஐஸ் பெட்டியோடு அந்தப் பெண் வந்தார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். கூடத்தில் நாற்காலியை வெளிச்சத்துக்கு நகர்த்தி, என் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, ஊசியின் உறையைக் கழற்றப் போனவர் சட்டென்று நிறுத்திக் கேட்டார்: "அக்கா, முடிக்கு, நகத்துக்குன்னு மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?"

பெட்டியிலிருந்து குப்பியை எடுத்துவந்து கொடுத்தேன். லேபிளைத் திருப்பி, பொடி எழுத்தில் விரலை வைத்து வாசித்தார். பயோட்டின், 10,000 மைக்ரோகிராம். உடனே பட்டையை அவிழ்த்துவிட்டார்.

"இன்னைக்கு எடுத்தா தப்பாத்தான்க்கா வரும். இத நிறுத்திட்டு, மூணு நாள் கழிச்சு வரேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. முந்தைய இரவிலிருந்து பட்டினி. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டே நாள். எண்ணி எடுத்துவந்த விடுப்பு. டாக்டரே எடுக்கச் சொல்லியிருக்கும்போது நீங்கள் யார் வேண்டாம் என்று சொல்ல என்று குரலை உயர்த்திக் கேட்டேன். சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து அம்மா வந்து நின்றார். அந்தப் பெண் பதிலுக்குக் குரலை உயர்த்தவில்லை. தன் முதலாளியைக் கைப்பேசியில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். அவரும் அதையே சொன்னார். நாம் உணவில் பெற வேண்டிய பயோட்டின் நாளொன்றுக்குச் சுமார் 30 மைக்ரோகிராம்தான். பல இயந்திரங்கள் ஹார்மோன்களை அளக்கப் பயோட்டினையே பசை போலப் பயன்படுத்துகின்றன. அது நம் இரத்தத்தில் மிதமிஞ்சி இருந்தால் கணக்குக் குழம்பி, டிஎஸ்எச் குறைவாகவும், தைராய்டு ஹார்மோன் கூடுதலாகவும் காட்டும். நோயே இல்லாதவரின் அறிக்கை தைராய்டு நோயாளியுடையது போலவே வந்து நிற்கும். இதைப் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இலேயே எச்சரித்திருக்கிறது என்பதைப் பிறகு படித்தேன். இங்கிலாந்திலும் என்னிடம் யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டு பக்க அறிக்கை தந்த மருத்துவமனையிலும் கேட்கவில்லை.

கிளம்பும் முன் அந்தப் பெண் மேசையில் கிடந்த அறிக்கையைப் புரட்டினார். ஹீமோகுளோபின் 11.2, சிவப்பணுக்களின் சராசரிப் பருமன் 73, இருக்க வேண்டிய 80க்குக் கீழே. அம்மா உள்ளே போகும்வரை பொறுத்திருந்து, "மாசம் எத்தனை நாள்க்கா போகுது?" என்று தணிந்த குரலில் கேட்டார். எட்டு நாள், சில மாதம் ஒன்பது என்றேன். "அப்ப ஃபெரிட்டினும், அதான் உடம்புல சேத்து வச்சிருக்கிற இரும்பு, சேர்த்துப் பாத்துடலாம்க்கா. மருந்து நான் சொல்லக் கூடாது, டாக்டர்ட்ட காட்டுங்க. ஆனா கேட்டு எழுதி வாங்கிக்கோங்க." இரண்டு நாட்டு மருத்துவர்களில் ஒருவர்கூட என்னிடம் கேட்காத கேள்வி அது. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

மூன்று நாள் கழித்து, சொன்ன நேரத்துக்கு வந்து எடுத்துப் போனார். டிஎஸ்எச் 2.4. தைராய்டில் ஒன்றுமே இல்லை. ஃபெரிட்டின் 7, பெரியவர்களுக்கு 15க்குக் கீழே போனாலே இரும்புச்சத்துக் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். எங்கள் பக்கத்துக் கணக்கில் சொன்னால், ஃபெரிட்டின் குதிரில் இருக்கும் நெல், ஹீமோகுளோபின் அன்றாடம் உலையில் போடும் அரிசி. குதிர் காலியான பிறகும் சில காலம் அடுப்பு எரியும். 121 என்று இங்கிலாந்தில் வந்தபோது என் குதிர் காலியாகிக்கொண்டிருந்திருக்க வேண்டும். உள்ளே எட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா வழக்கமாகப் போகும் மகளிர் மருத்துவரிடம் டோக்கன் வாங்கிக் காட்டினோம். அவர் பன்னிரண்டு பக்கத்தையும் படித்தார். ஒன்பதாம் பக்கத்தில், ஸ்கேன் அறிக்கையின் நான்காவது வரியில், கருப்பையில் 4 செ.மீ. நார்த்திசுக் கட்டி என்று அச்சாகியிருந்தது. மாதம் எட்டு ஒன்பது நாள் இரத்தம் போய் இரும்பு குறைந்ததன் காரணம் முதல் நாளிலிருந்தே என் கையில் இருந்திருக்கிறது. முடி கொட்டியதற்கும் இரும்புக் குறைவே காரணமாக இருக்கலாம் என்று அவர் சொன்னார். அப்படியென்றால், குறையின் அடையாளத்துக்கு நான் சாப்பிட்ட மாத்திரையே குறையைக் காணவிடாமல் மறைத்திருக்கிறது. இரும்பு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள், காபி டீயிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிடச் சொல்லி, கட்டியை இங்கிலாந்தில் தொடர்ந்து பார்க்கக் கடிதமும் தந்தார்.

இங்கிலாந்துக்குத் திரும்பும் நாள் காலையில் அந்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போய், குரலை உயர்த்தியதற்கு அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா, பசியில இருந்தீங்க" என்றார். அப்போதும் அவர் கையில் யாருடைய இரத்தமோ இருந்த ஊதா மூடிக் குழாய் ஒன்று இருந்தது. பேசிக்கொண்டே அதை மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கலக்கினார்.

மாத்திரை தொடங்கி ஏழு வாரம் ஆகிறது. ஈஸ்ட் ஹாம் படிகளை நிற்காமல் ஏறிவிடுகிறேன். மாலை நான்கு மணிக்கு மேல் உடம்பு இன்னும் கனக்கத்தான் செய்கிறது. கட்டிக்கான சந்திப்பு நவம்பரில் என்று கடிதம் வந்திருக்கிறது.