ஸ்தாரோசெர்காஸ்க்கா நோவோசெர்காஸ்க்கா: கையில் ஒரே நாள் என்றால்

தென் ரஷ்யாவில் உள்ள ரோஸ்தோவில் படித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் என்னைப் பார்க்க வந்திருந்தான். கடைசியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. டான் கோசாக்குகளின் (டான் ஆற்றங்கரையில் வாழ்ந்த போர்வீரர் சமூகம்) தலைநகரைப் பார்க்கவேண்டும் என்றான், எதை என்று கேட்டதும் முழித்தான். இரண்டு இருக்கின்றன. 1644 முதல் தலைநகராக இருந்தது செர்காஸ்க். இன்று அது ஸ்தாரோசெர்காஸ்க், பழைய செர்காஸ்க் என்று அர்த்தம். 1805இல் பிளாத்தவ் என்ற அத்தமான் (கோசாக்குத் தலைவரை அப்படித்தான் சொல்வார்கள்) மேட்டு நிலத்தில் கட்டத் தொடங்கியது நோவோசெர்காஸ்க், புதியது. நாங்கள் பழையதற்குப் போனோம். புதியதற்கு நான் பிறகு தனியாக, ஒரே ஒரு மதியம் போனதோடு சரி. அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாயத்தான் செய்யும்.

பேராலயம், அருங்காட்சியகம், சிலை எல்லாம் இரண்டிலும் உண்டு. என்னைப் பொறுத்தவரை தீர்மானிப்பது ஒன்றுதான்: தண்ணீர்.

ஒவ்வொரு வசந்தத்திலும் பனி உருகி டான் பெருகும்போது பழைய ஊர் தீவாகிவிடும், வீட்டுக்கு வீடு படகில்தான் போகவேண்டும். தலைநகரை மாற்றியதே இந்த வெள்ளத்தால்தான். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, அந்தத் தெருவில் நின்று பார்ப்பது வேறு. கீழ்த்தளம் தடித்த செங்கல் சுவர், சின்னச் சின்ன ஜன்னல். மேலே மரவீடு, அதைச் சுற்றி ஓடும் மரத் தாழ்வாரம். தண்ணீர் வந்தால் கீழ்த்தளம் அதன்பாட்டுக்கு நனையட்டும், நாம் மேலே இருந்துகொள்வோம் என்ற கணக்கு. அண்ணன் சிவில் என்ஜினீயர், அரைமணி நேரம் அந்தச் சுவர்களையே தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். 1952இல் ஆற்றின் மேல்பக்கம் சிம்லியான்ஸ்க் அணை வந்தபிறகு வெள்ளம் அடங்கிவிட்டது, ஆனால் வீடுகள் இன்னும் அதற்குத் தயாராகத்தான் நிற்கின்றன.

அப்புறம் ஒன்பது குவிமாடங்களோடு உயிர்த்தெழுதல் பேராலயம், 1706இல் தொடங்கி 1719இல் முடித்தது. கட்டும் காலத்தில் வந்த ரஷ்ய மன்னர் முதலாம் பீட்டர் தன் கையாலேயே சில கற்களை வைத்தார் என்பார்கள். வாசல் பக்கச் சுவரில் ஒரு கனத்த இரும்புச் சங்கிலி தொங்குகிறது. பெரும் கலகம் நடத்திய ஸ்தென்கா ராசினை 1671இல் மாஸ்கோவுக்கு அனுப்பும் முன் இந்தச் சங்கிலியால்தான் பிணைத்து வைத்தார்களாம். காவலாள் யாரும் இல்லை, கயிறு கட்டித் தடுக்கவும் இல்லை, குழந்தைகள் பிடித்து ஆட்டிவிட்டுப் போகிறார்கள். வெளியே மணிக்கூண்டுப் பக்கம் அசோவ் கோட்டையிலிருந்து கொண்டுவந்த இரும்புக் கதவுகளும், சந்தைத் தராசின் நீண்ட கோலும். 1637இல் துருக்கியரிடமிருந்து அந்தக் கோட்டையைப் பிடித்த கோசாக்குகள் தராசைக்கூட விட்டுவைக்கவில்லை.

புதிய ஊரில் தெருக்கள் அகலம், நேர்நேராக ஓடுகின்றன, அலெக்சாந்தர் மன்னரை வரவேற்க 1817இல் எழுப்பிய வளைவுகள் இரண்டு நிற்கின்றன. அங்குள்ள பேராலயம் கட்டும்போதே 1846இலும் 1863இலும் இடிந்து விழுந்து, ஒருவழியாக 1905இல் முடிந்ததாம். பிரம்மாண்டம்தான், ஆனால் அதன் முன்னால் நின்றபோது எனக்குக் கழுத்து வலித்ததே தவிர வேறொன்றும் ஆகவில்லை. கோசாக்கு அருங்காட்சியகத்துக்குள் போக நேரமில்லை. அதைப் பார்த்தவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

ஒரு இடத்தில் மட்டும் நோவோசெர்காஸ்க் என்னை நிறுத்தியது. அத்தமான் மாளிகை முன்னுள்ள சதுக்கம். 1962 ஜூன் 2ஆம் தேதி, விலைவாசி உயர்வையும் கூலிக் குறைப்பையும் எதிர்த்து ஊர்வலமாக வந்த ரயில் என்ஜின் தொழிற்சாலைத் தொழிலாளர்கள்மேல் அங்கே துப்பாக்கியால் சுட்டார்கள். 26 பேர் செத்தார்கள், பிறகு 7 பேருக்கு மரண தண்டனை, பல வருஷங்களுக்கு யாரும் வாய்திறக்கக் கூடாது. இன்று அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. சோவியத் வரலாற்றுக்காகப் போகிறவர் என்றால் நான் சொன்னதையெல்லாம் ஒதுக்கிவிட்டு நேரே இங்கே போங்கள்.

மற்றபடி கோடையில் போவதானால் ரோஸ்தோவிலிருந்து படகேறிப் பழைய ஊருக்குப் போங்கள், ஆற்றிலிருந்து பார்த்தால்தான் அது எவ்வளவு தாழ்வான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். பனிக்காலத்தில் படகு ஓடாது, பஸ்தான். அப்போது எது மேல் என்று சொல்லும் அளவுக்கு நான் போய்ப் பார்த்ததில்லை.