கீழ்வீட்டில் தண்ணீர் சொட்டுகிறதா? டைல்ஸில் கை வைக்க விடாதீர்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடுகளில் இருப்பவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். பம்பலப்பிட்டி, தெஹிவளைக்காரருக்கும் பொருந்தும். ஒரு பாத்ரூம் கசிவுக்கு 285,000 ரூபாய் செலவழித்தேன். கசிவு நிற்கவில்லை. பிறகு வந்த ஒருவர் 6,400 ரூபாயில் அதை நிறுத்திவிட்டுப் போனார்.

2024 ஒக்டோபரில் கீழ்வீட்டு ராத்தா கதவைத் தட்டினார். "தங்கச்சி, எங்கட பாத்ரூம் சீலிங்ல ஈரம் பிடிச்சிருக்கு, ஒருக்கா வந்து பாருங்களேன்." ஐப்பசி மழை நேரம், பின்னேரமானால் இடியோடு கொட்டும். மழைத்தண்ணீர்தான் எங்கேயோ இறங்குகிறது என்று இரண்டு கிழமை பேசாமல் இருந்துவிட்டோம். நவம்பரில் தொடர்ந்து நாலு நாள் வெயில் எறித்தது. சொட்டு நிற்கவில்லை. காலையில் ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில்தான் கூடுதலாக விழுகிறது, இரவில் ஒரு துளிகூட இல்லை என்று ராத்தா சொன்னார். முழு விடையும் அந்த ஒரு வரியில் இருந்தது. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கணவர் டோஹாவில். இங்கே நானும் அம்மாவும் மகனும்தான். மாடியில் ஒருவர் தந்த நம்பரில் ஒரு மேசன் பாஸைக் கூப்பிட்டேன். நல்ல மரியாதையான மனுசன், வாய்க்கு வாய் "மிஸ்". பாத்ரூமுக்குள் போய், சுத்தியலின் பிடியால் தரையை நாலு இடத்தில் தட்டிப் பார்த்தார். "வோட்டர் புரூஃப் செத்துப்போச்சு மிஸ், உள்ளே எல்லாம் ஊறியிருக்கும்" என்றார். தண்ணீர் இறங்காமல் டைல்ஸுக்கு அடியில் பூசும் பூச்சைத்தான் சொன்னார். சொன்ன கையோடு, "பார்க்கத்தான்" என்று கொமட்டுக்குப் பக்கத்தில் ஒரு டைல்ஸை உடைத்தார். அடியில் சிமெந்து ஈரமாக இருந்தது. தினமும் குளிக்கிற பாத்ரூமில் டைல்ஸுக்கு அடியில் ஈரம் இல்லாமல் வேறென்ன இருக்கும்? இந்தக் கேள்வி எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது.

அந்த முதல் டைல்ஸ்தான் தூண்டில். அது உடைந்த பிறகு வேறு ஆளைக் கூப்பிட்டு இரண்டாவது அபிப்பிராயம் கேட்க மனம் வராது, பாத்ரூம் ஏற்கெனவே அரைகுறையாகிவிட்டதே. அதே நிறத்தில் டைல்ஸ் இப்போது வருவதில்லை, ஆகவே தரையோடு சுவரும் மாற்ற வேண்டும் என்றார். கூலி 95,000, டைல்ஸ் 112,000, வோட்டர் புரூஃப் 38,000, மணல், சிமெந்து, சில்லறை என்று இன்னொரு 40,000. முற்பணம் 120,000 கேட்டார், கொடுத்தேன். அதற்கு எழுத்தில் ஒரு துண்டுகூட வாங்கவில்லை. வங்கியில் போட்டதற்கான சீட்டு மட்டும் இருந்தது, அதுவும் தற்செயலாக.

வோட்டர் புரூஃப் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பாத்ரூம் 5 அடிக்கு 7 அடி. பில்லில் இரண்டு பெரிய வாளி. வீட்டுக்கு வந்தது ஒன்று, அதன் மூடியும் ஏற்கெனவே திறந்திருந்தது. பில்லில் கடையின் முத்திரை இல்லை, கையெழுத்துத்தான். ஒரு வாளி எத்தனை சதுர அடிக்குப் போதும் என்பது அதன் பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். பின்னாளில் பழைய சோனகத் தெருவுக்குப் போய் ஹாட்வெயார் கடைகளில் வாளியைத் திருப்பித் திருப்பி வாசித்தபோதுதான், எங்கள் தரைக்கு ஒன்றே மிஞ்சும் என்று விளங்கியது.

பூசியதும் ஒரே ஒரு தடவைதான். காலையில் பூசினார், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டத் தொடங்கினார். ஒழுங்கான வேலை என்றால் முதல் பூச்சு ஒரு திசையில், அது காய்ந்த பிறகு இரண்டாவது குறுக்காக. தரையும் சுவரும் சேரும் மூலையைச் சிமெந்தால் வளைத்துவிட்டு, சுவரில் ஒரு அடி உயரத்துக்காவது ஏற்ற வேண்டும், குளிக்கிற பக்கம் இன்னும் மேலே. பைப் தரைக்குள் இறங்கும் இடத்தைச் சுற்றித் தனியாகக் கவனம் வேண்டும். எல்லாம் காய்ந்ததும் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்துத் தண்ணீர் கட்டி, ஒரு நாளாவது விட்டுக் கீழே பார்த்த பிறகுதான் டைல்ஸ். இந்தத் தண்ணீர் கட்டும் பரிசோதனையைச் செய்யாமல் டைல்ஸ் ஒட்ட வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

வேலை பதினொரு நாள் நடந்தது. அத்தனை நாளும் கீழே சொட்டவில்லை. "பாத்தீங்களா மிஸ்?" என்று பெருமையாகக் கேட்டார். நானும் ராத்தாவுக்கு வட்டிலப்பம் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். முகம் கழுவும் பேசினையே கழற்றி வெளியே வைத்திருக்கும்போது எப்படிச் சொட்டும்! பேசினை மாட்டி, மீதிக் காசை வாங்கிக்கொண்டு அவர் போன மூன்றாம் நாள் காலை, ஏழு மணிக்கு, ராத்தா மறுபடி கதவைத் தட்டினார்.

அதன்பிறகு போன் எடுத்தால் "நாளைக்கு வாறன் மிஸ்". அப்புறம் போனே எடுக்கவில்லை.

ஜனவரியில் அம்மா கோயிலில் சந்தித்த ஒருவர் மூலமாகக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வயதான பிளம்பர் வந்தார். எங்கள் வீட்டுக்குள் வரவேயில்லை. "முதலில் கீழ்வீட்டைப் பார்ப்போம் மகள்" என்றார். ராத்தாவின் பாத்ரூமில் ஏணியை வைத்து சீலிங்கின் ஒரு பலகையைத் தூக்கி டோர்ச் அடித்தார். எங்கள் பாத்ரூமின் கழிவுப் பைப் முழுவதும் அங்கேதான், அவர்களுடைய சீலிங்குக்கு மேலே தொங்குகிறது. நான் இங்கே வந்து எட்டு வருசம், எனக்கு அது தெரியாது. பல தொடர்மாடிகளில் இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். பழைய பாஸ் கீழே எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதை ராத்தா அப்போதுதான் சொன்னார்.

பிறகு பிளம்பர் கேட்டது, சட்டைக்குப் போடும் நீலம். ஒரு வாளி தண்ணீரில் கலந்து என்னை மேலே அனுப்பினார். முதலில் தரை ஓட்டையில் ஊற்றச் சொன்னார், அரை மணி நேரம் ஒன்றுமில்லை. கொமட்டில் ஊற்றி ஃபிளஷ் பண்ணினேன், அதிலும் இல்லை. பேசினில் ஊற்றியதும் கீழேயிருந்து சத்தம் வந்தது: "போதும் மகள், போதும்!" நீலச் சொட்டு. பேசினிலிருந்து வரும் ஒன்றரை அங்குலப் பைப் வளைவுக்குள் வெறுமனே செருகியிருந்தது. பி.வி.சி. கம் (பசை) பூசாமல், யாரோ ஒரு காலத்தில் சிலிக்கனால் சுற்றி விட்டிருக்கிறார்கள். பைப்பைத் தாங்க கிளிப்பும் இல்லை. காலையில் மகனும் நானும் பல் துலக்கி முகம் கழுவும்போதுதான் சொட்டியிருக்கிறது. துண்டை வெட்டி, புதிய வளைவு போட்டு, கம் பூசி, இரண்டு கிளிப் அடித்தார். சாமான் 1,900, கூலி 4,500.

இதை நீங்களே பார்க்கலாம் என்பதால் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். இரவும் பகலும் ஒரே மாதிரிச் சொட்டினால், அழுத்தத்தோடு தண்ணீர் வரும் பைப்பைச் சந்தேகப்படுங்கள். வீட்டில் எல்லாக் குழாயையும் பூட்டிவிட்டு மீற்றரில் இருக்கும் குட்டிச் சக்கரத்தைப் பாருங்கள், அது சுற்றினால் எங்கேயோ போகிறது. விட்டு விட்டுச் சொட்டினால் கழிவுப் பக்கம், அதற்குத்தான் நீலம். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக, இடைவெளி விட்டு ஊற்ற வேண்டும், எல்லாவற்றிலும் ஒரேயடியாக ஊற்றினால் ஒன்றும் பிடிபடாது. இரண்டும் இல்லையென்றால் தரை. ஓட்டையைப் பொலித்தீனில் சுற்றிய துணியால் இறுக்கி அடைத்து, வாசலில் ஈரத் துவாயைச் சுருட்டிப் போட்டு, ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். ஒரு நாள் முழுக்க அந்தப் பாத்ரூமைத் தொடாதீர்கள். தண்ணீர் கோட்டைவிட்டு நன்றாக இறங்கி, கீழேயும் ஈரம் கூடினால் அப்போது டைல்ஸை உடைப்பதைப் பற்றிக் கதைக்கலாம்.

ஆளை எடுக்கும்போது என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொட்டாஞ்சேனை ஐயாவிடம் அது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் உடைக்கவில்லை, முதலில் பார்த்தார்.

காசுக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற நம்பருக்கு போன் அடித்தேன். பில், ஒப்பந்தம் கேட்டார்கள். என்னிடம் இருந்தது முத்திரையில்லாத ஒரு தாளும் வங்கிச் சீட்டும். பிறகு மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பித்தேன். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த ஏற்பாடு இது, சட்டத்தரணி தேவையில்லை. ஆனால் அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, இரண்டு பேரையும் இருத்தி இணங்க வைக்கப் பார்ப்பார்கள். முதல் தவணைக்கு பாஸ் வரவில்லை. இரண்டாவதற்கு வந்து, "மிஸ்ஸுக்கு நான் நல்லதுதான் செய்தேன், பாத்ரூம் இப்ப எவ்வளவு வடிவாயிருக்கு" என்றார். கடைசியில் 40,000 திருப்பித் தர ஒத்துக்கொண்டார். இதுவரை வந்தது 15,000. அதனால்தான் பெயரும் நம்பரும் இங்கே போடவில்லை, மிச்சம் வரட்டும்.

வடிவான பாத்ரூமில் கதவோரம் ஏழு டைல்ஸ் நாணயத்தால் தட்டினால் டொக் டொக் என்கிறது, அடியில் வெற்றிடம். ஒவ்வொன்றுக்கும் நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் கலவை உருண்டை வைத்து பாஸ் ஒட்டியிருக்கிறார். தண்ணீரும் ஓட்டைப் பக்கம் போகாமல் வாசல் பக்கம் வருகிறது. இப்போதைக்குத் தண்ணீரைத் தள்ளிவிட ஒரு தள்ளுகட்டை வாங்கி வைத்திருக்கிறேன்.