வின்டன் எண்ணெய் வண்ணம்: முகம் வரைபவர்களுக்கு ஏற்ற டியூப்

வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனத்தின் வின்டன் எண்ணெய் வண்ணங்களைத்தான் இப்போது பயன்படுத்துகிறேன். சிங்கப்பூரின் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் 37 மில்லி டியூப்களைத் தனித்தனியாக வாங்கலாம். நான் வரைவது முகங்கள் மட்டும். அதனால் அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன்.

முகத்துக்கு ஒரு நேரத்தில் மிகக் கொஞ்சம் வண்ணம் போதும். பழைய அடையாள அட்டைப் படத்தைப் பார்த்து அம்மாவை வரைந்துகொண்டிருக்கிறேன். கன்னத்துக்கு யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சளும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும், மூக்கோர நிழலுக்குத் துளி அல்ட்ராமரின் நீலம், மூக்குத்தியின் மினுக்கத்துக்குக் கடுகளவு வெள்ளை. பொட்டுக்குச் சிவப்பை மிளகளவு பிதுக்கிவிட்டு மூடியைத் திருகி வைத்தால், அடுத்த சனிக்கிழமையும் அதே வெண்ணெய்ப் பதம்.

இந்த டியூபைக் கண்டுபிடித்தவரும் ஒரு முக ஓவியர்தான்: ஜான் கோஃப் ராண்ட். 1801-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்தவர். உருவப்படம் வரைவதே பிழைப்பு. லண்டனுக்குப் போயும் அதே தொழில். அப்போதெல்லாம் அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி விற்பார்கள். ஆணியால் குத்திப் பிதுக்க வேண்டும். குத்திய துளையைச் சரியாக அடைக்க வழியில்லை. ஆளிவிதை எண்ணெயோ காற்றுப் பட்டால் இறுகிவிடும். இயற்கைக் காட்சி வரைபவர் ஒரு பை நீலத்தை வானத்துக்கே தீர்த்துவிடுவார். துளித்துளியாக எடுக்கும் முக ஓவியருக்குத்தான் மீதியெல்லாம் பாழ். ராண்ட் 1841-இல் மெல்லிய வெள்ளீயக் குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். வின்சர் அண்ட் நியூட்டன் அதில் வண்ணம் அடைத்து விற்றது. பின்னாளில் பிரெஞ்சு ஓவியர்களான மோனேயும் ரெனுவாரும் ஆற்றங்கரையில் நின்று வரைய முடிந்ததில் இந்தக் குழாய்க்குப் பெரிய பங்கு உண்டு. 1873-இல் இறந்துபோன ராண்டின் பெயரையும் அவர்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

சரி, வண்ணத்துக்கு வருவோம். வின்டன் மாணவர் ரகம். காட்மியம் போன்ற விலை கூடிய நிறமிகளுக்குப் பதில் மாற்று நிறமி இருக்கும்; லேபிளில் ‘ஹியூ’ என்று போட்டிருந்தால் அதுதான். மண் நிறங்களில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை, தோலுக்கு அவை தாராளமாகப் போதும். பொட்டுச் சிவப்புக்கு மட்டும் ஓவியர் ரகத்தில் ஒரு டியூப் வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு புள்ளியில்தான் அம்மாவின் முகமே நிற்கிறது, அதில் சிக்கனம் வேண்டாம்.

முன்பு வைத்திருந்த வேறொரு மலிவு செட்டில் டியூபின் அடிமடிப்பு பிரிந்து வண்ணம் கசிந்தது. திறந்தால் எண்ணெய் தனியாக வழியும். அதோடு பார்த்தால் இந்த உலோக டியூப் எவ்வளவோ மேல். அடியிலிருந்து உருட்டிக்கொண்டே வரலாம், உருட்டிய இடம் அப்படியே நிற்கும்.

நம்மூர் ஈரத்தில் எந்த எண்ணெய் வண்ணமும் மெதுவாகத்தான் காயும். வீவக அடுக்குமாடி வீட்டு அறையில் பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு மற்றவற்றைவிடச் சீக்கிரம் காய்கிறது, டைட்டானியம் வெள்ளை நாள் கணக்கில் ஒட்டும். அதனால் நெற்றி ஒளியையும் மூக்குத்தியையும் கடைசியில் வையுங்கள். மூடும் முன் டியூபின் கழுத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூடி இறுகிக்கொள்ளும்.

செட்டாக வாங்க வேண்டியதில்லை. மேலே சொன்ன நிறங்களோடு பர்ன்ட் அம்பரும் இருந்தால் நம் முகங்களுக்குப் போதும். வெள்ளையை மட்டும் 200 மில்லியாக எடுங்கள், முதலில் தீர்வது அதுதான்.