150-600 லென்ஸும் கோடியக்கரை வெயிலும்

விலை இறங்கியதிலிருந்து "வெளிமானைப் படமெடுக்க 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். ஜனவரியில் போகிறவர் யோசிக்காமல் வாங்கலாம். ஏப்ரல், மே மாதத்தில் கோடியக்கரைச் சரணாலயத்துக்கு என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

லென்ஸில் குறையே இல்லை. காலை ஆறரைக்கு, ஐம்பது மீட்டரில் நிற்கும் ஆண் மானை 600-இல் லென்ஸ் துளையை எஃப்/8 வைத்து எடுத்தால் கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையம் மயிர் மயிராகத் தெரியும். கொம்பின் முறுக்கில் ஒவ்வொரு வரியும் தனித்து நிற்கும். இந்த விலைக்கு அது பெரிய விஷயம்.

எரிச்சல் எட்டு மணிக்குமேல். புல்வெளி சூடேறிக் கானல் ஓட ஆரம்பித்தால், நூறு மீட்டருக்கு அப்பால் எல்லாம் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளியும். ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்கு ஏற்றினாலும் தீராது. ஆடுவது காற்று, கை இல்லை. ஆட்டோஃபோகஸும் முன்னும் பின்னும் அலையும். லென்ஸ் பழுது என்று சர்வீஸுக்கு அனுப்பினால் "எல்லாம் சரி" என்றுதான் திரும்பி வரும். அனுப்புமுன் தூரத்துக் கம்பம் ஒன்றை இருபது ஃபிரேம் தொடர்ந்து எடுத்துப் பாருங்கள். ஒன்று கூர்மை, அடுத்தது மங்கல், இன்னொன்றில் ஓரம் வளைந்திருக்கிறது என்றால் கானல். இருபதும் ஒரே மாதிரி மங்கினால்தான் லென்ஸைச் சந்தேகிக்க வேண்டும்.

தரையோடு படுத்து எடுப்பது அழகுதான், ஆனால் கானல் தரையை ஒட்டித்தான் அதிகம். வெயில் ஏறியதும் எழுந்துவிடுங்கள். வண்டியிலிருந்து எடுப்பதானால் இன்ஜினையும் ஏசியையும் அணைத்து, கண்ணாடியை இறக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். உள்ளே குளிரும் வெளியே சூடும் கலக்கிற இடத்தில் எந்த லென்ஸும் தோற்கும். பானட்டுக்கு மேலாக எடுக்கவே வேண்டாம்.

வெளுத்த புல்லைப் பார்த்து கேமராவின் ஒளிமானி ஆண் மானின் கறுத்த முதுகைக் கரியாக்கிவிடும். வெளிச்சத்தை 2/3 ஸ்டாப் கூட்டினால் முதுகு தெளியும், வயிற்று வெள்ளை வெளிறி விவரம் போய்விடும். ரா-வில் (கேமரா பதப்படுத்தாத கோப்பு) எடுத்து வெள்ளையைக் காப்பாற்றுங்கள். முதுகின் வெளிச்சத்தைப் பிறகு கணினியில் ஏற்றிக்கொள்ளலாம்.

கானலுக்கு மருந்து நெருங்குவதுதான் என்று மானைத் துரத்தாதீர்கள். மேய்ச்சலை விட்டுத் தலை தூக்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள். கோடையில் தண்ணீருக்கு வருகிற கூட்டத்தைக் கலைப்பது கொடுமை.

இவ்வளவு பாராட்டியும், கோடைக்கு மட்டும் என்றால் வாங்காதீர்கள் என்பேன். 100-400 போதும், வெயில் ஏறியபின் அதற்குமேல் பெரிதாவது நெளிவு மட்டும்தான். மிச்சப் பணத்தில் வேதாரண்யத்தில் இரண்டு இரவு கூடுதலாகத் தங்கி, காலையில் உள்ளே விடும் முதல் வண்டியில் போங்கள்.